‘அதுக்குத்தான் ஏற்கெனவே சட்டம் இருக்கே!’

(நியூ ஜெர்சி, எடிசனில் நடந்த நம் இளைஞர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் திருத்தவில்லை.)

 

நான் ஃப்ரீமான்ட்ல இருந்து வர்றேன். மாநில சட்டமன்றங்கள்ல என்ன நடக்குதுன்னு பேசச் சொன்னாங்க. நம்ம கவனம் எப்பவும் வாஷிங்டன்ல இருக்கும். இல்லேன்னா சென்னையில, கொழும்புல. ஆனா வேலை பாக்கற இடத்துல, வாடகை வீட்டுல, பள்ளிக்கூடத்துல ஒருத்தரைக் காப்பாத்தற சட்ட வரிகள் நிறைய மாநிலத் தலைநகரத்துலதான் எழுதப்படுது. நமக்கு அது சாக்ரமென்டோ, டிரென்டன், ஆஸ்டின்.

இந்த மூணு ஊர்லயும் நான் பார்த்த ஒரு பொதுவான விஷயம் இருக்கு. எளிய மக்கள் பாதுகாப்பு கேட்டு வந்தா, "உங்களுக்குப் பாதுகாப்பு வேண்டாம்"னு யாரும் முகத்துக்கு நேரா சொல்றதில்ல. "அதுக்குத்தான் ஏற்கெனவே சட்டம் இருக்கே"ன்னு சொல்றாங்க. கேக்க நியாயமா இருக்கும். இந்தப் பதிலைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். அடுத்த தடவை இதைக் கேக்கும்போது என்ன திருப்பிக் கேக்கணும்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும்.

முதல்ல கலிபோர்னியா.

2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் 6-க்கு 1 என்ற கணக்கில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கொண்டுவந்தவர் க்ஷமா சாவந்த். அமெரிக்காவில் இதைச் செய்த முதல் நகரம் அதுதான். அடுத்த மாதமே கலிபோர்னியாவில் செனட்டர் ஆயிஷா வஹாப், எஸ்.பி. 403 மசோதாவை மக்கள் முன்னால் வைத்தார். ஹேவர்ட், ஃப்ரீமான்ட் எல்லாம் அவர் தொகுதி. அதாவது நம்ம ஆட்கள் நெருக்கமா வாழற இடம்.

மசோதா கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். வேலை, வீடு, கல்வி, கடை கண்ணி இதுலயெல்லாம் இன்னின்ன காரணத்துக்காகப் பாகுபாடு காட்டக்கூடாதுன்னு மாநிலச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கு. இனம், மதம், பால், வம்சாவளி இப்படி. அந்தப் பட்டியல்ல சாதி என்ற சொல்லையும் எழுதுங்கன்னு கேட்டாங்க. புதுசா ஒரு குற்றத்தை உருவாக்கல. யாரையும் ஜெயிலுக்கு அனுப்பற சட்டமும் இல்ல.

2023 ஏப்ரல் 25 அன்று செனட் நீதித்துறைக் கமிட்டியில் விசாரணை. இந்த மாதிரி விசாரணை எப்படி நடக்கும்னு பாக்காதவங்களுக்குச் சொல்றேன். ஆதரவா ரெண்டு முதன்மைச் சாட்சி, எதிர்ப்பா ரெண்டு. ஆளுக்குச் சில நிமிஷம்தான். மத்த எல்லாரும் வரிசையில நின்னு மைக்குக்கு வந்து மூணே விஷயம் சொல்லலாம்: பேர், அமைப்பு, ஆதரவா எதிர்ப்பா. அவ்வளவுதான். அடுத்த ஆள் வரணும். எல்லாம் நேரலையில் போகுது. அப்புறம் இணையத்துல பதிவாவும் இருக்கும்.

இதுல என்ன பிரச்சினைன்னு தோணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன், விழுப்புரம் பக்கத்துக்காரர். பல வருஷமா கிரீன் கார்டுக்குக் காத்திருக்கார். எச்-1பி விசாவுல இருக்கறவங்களுக்குத் தெரியும்: வேலை போச்சுன்னா கையில இருக்கறது 60 நாள். அவரோட மேனேஜர் நம்ம ஊர்க்காரர். டீமில் பாதிப் பேர் நம்ம ஊர்க்காரங்க. "சாக்ரமென்டோவுக்கு வர்றீங்களாண்ணே"ன்னு கேட்டேன். "வர்றதுல ஒண்ணும் இல்லம்மா. மைக்குல பேரைச் சொன்னா, அப்புறம் மத்தியானம் சாப்பிடறப்போ எல்லாரும் எம் பாத்திரத்தைத்தானே பாப்பாங்க?"ன்னார். அவர் வரல. அவரை நான் வற்புறுத்தவும் இல்ல.

சாதியை மறைச்சு வாழறவருக்கு அந்த வரிசையே ஒரு ஆபத்து. பாதுகாப்பு வேணும்னு கேக்கறதுக்காகவே தன்னை அம்பலப்படுத்திக்கணும். பாதுகாப்பு வர்றதுக்கு முன்னாடியே அதைச் செய்யணும். எதிர்த்து வந்தவங்களுக்கு அந்த மாதிரி இழப்பு கிடையாது. பேரைச் சொல்லி, "எதிர்க்கிறேன்"னு சொல்லிட்டு, காரை எடுத்துக்கிட்டுப் போயிடலாம். ஆக, வரிசையில எத்தனை தலைன்னு எண்ணி ஒரு சமூகத்தோட கருத்தை அளந்தா, யாருக்குப் பயம் கம்மியோ அவங்க பக்கம்தான் தராசு சாயும்.

எதிர்த்து வந்தவங்களை நான் கேலி பண்ணல. அவங்க நம்ம பக்கத்து வீட்டு மாமா மாமிதான். "எம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல நீ என்ன சாதின்னு கேப்பாங்களே"ன்னு நிஜமாவே பயந்து வந்தவங்க பல பேர். அந்தப் பயத்தை அமைப்புகள் திரட்டின. அவங்க சொன்ன வாதம் மொத்தம் மூணு.

முதல் வாதம்: ஆதாரம் எங்கே? ஈக்வாலிட்டி லேப்ஸ் 2018-ல் வெளியிட்ட ஆய்வை ஆதரவாளர்கள் காட்டினாங்க. ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறையே சரியில்லைன்னு எதிர்த்தரப்பு சொன்னது. சரி, ஆய்வு முறையைப் பத்தி வாதம் பண்ணலாம், தப்பில்ல. ஆனா ஒரு சொல் சட்டப் பட்டியல்லயே இல்லேன்னா அந்தப் பேர்ல புகாரை யார் எண்ணுவாங்க? எண்ணிக்கை இல்லாததால சொல்லைச் சேர்க்க மாட்டோம், சொல் இல்லாததால எண்ண மாட்டோம். இந்த வட்டத்துக்குள்ள மாட்டினா வெளிய வரவே முடியாது.

ரெண்டாவது: இது ஒரு மதத்தைக் குறிவைக்குது. சட்டத்தில் சேர்க்கவிருந்த வரிகள்ல எந்த மதத்தோட பேரும் கிடையாது. சீக்கியர்களும் ரவிதாசியா சமூகத்தினரும் மசோதாவை ஆதரிச்சு வந்தாங்க, இந்துக்களும் வந்தாங்க. சாதி ஒரு மதத்துக்குள்ள மட்டும் நிக்கறதில்லைன்னு தமிழ்நாட்டுக்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. திருச்சியில் கிறிஸ்தவக் கல்லறைக்குள்ளயே சாதிச் சுவர் நின்ன கதை நமக்குத் தெரியும்.

மூணாவது வாதம்தான் நம்ம தலைப்பு: வம்சாவளின்னு ஏற்கெனவே இருக்கே, சாதி அதுக்குள்ள அடக்கம்தானே?

இப்போ ஓட்டுக் கணக்கைப் பாருங்க. மே 11, செனட்டில் 34-க்கு 1. ஜூலையில் அசெம்பிளி கமிட்டியில் ஒரு சமரசம்: தனி வகையா இருந்த சாதி, ‘வம்சாவளி’ என்ற சொல்லுக்கான விளக்கத்துக்குள் போனது. ஆகஸ்ட் 28, அசெம்பிளியில் 50-க்கு 3. செப்டம்பர் 5, திருத்திய வடிவத்துக்கு செனட்டில் மறுபடியும் ஓட்டு: 31-க்கு 5. அதுக்கப்புறம் ஆதரவாளர்கள் சாக்ரமென்டோவில் உண்ணாவிரதம் இருந்தாங்க. அக்டோபர் 7 அன்று ஆளுநர் கேவின் நியூசம் வீட்டோ செய்தார். காரணம்? இந்தப் பாகுபாடு ஏற்கெனவே தடை செய்யப்பட்டது, அதனால மசோதா தேவையில்லை. சாதி வம்சாவளிக்குள்ளதான் இருக்குன்னு எழுதிய மசோதாவை, அது ஏற்கெனவே அதுக்குள்ள இருக்குன்னு சொல்லியே தள்ளிட்டாங்க.

50-க்கு 3 என்றதும் பெரிய வெற்றின்னு தோணும். அசெம்பிளியில் மொத்தம் 80 இடம். 50-ஐயும் 3-ஐயும் கூட்டுங்க, 53 வருது. மிச்சம் 27 இடத்துல இருந்து ஓட்டே வரல. அங்க ஒரு மசோதா நிறைவேற 41 ஆதரவு ஓட்டு வேணும். வந்தவங்கள்ல பெரும்பான்மைன்னு கணக்குப் போட முடியாது. அதனால ஓட்டுப் போடாம இருக்கறதும் நடைமுறையில ஒரு ‘வேண்டாம்’தான், என்ன, யாரும் பேரைச் சொல்லித் திட்ட முடியாது. வீட்டோவை மீறணும்னா மூணுல ரெண்டு பங்கு வேணும்: செனட்டில் 27, அசெம்பிளியில் 54. செனட்டில் 31 இருந்தது. அசெம்பிளியில் நாலு குறைஞ்சது. வீட்டோவை மீறுற பழக்கமும் அங்க 1980-க்கு அப்புறம் இல்லவே இல்ல. ஆனாலும் அந்த நாலை மறக்காதீங்க. நம்ம வேலை எங்க பாக்கியிருந்ததுன்னு அந்த எண் காட்டுது.

"ஏற்கெனவே இருக்கே" என்ற பதிலுக்கு என்ன மறுமொழி? கலிபோர்னியாவே 2019-ல் அதைச் சொல்லிடுச்சு. கறுப்பின மக்கள் முடியை அதன் இயல்புப்படி வெச்சிருந்தா, சடை பின்னியிருந்தா, வேலை தர மறுத்தாங்க, பள்ளிக்கூடத்துல தண்டிச்சாங்க. இனப் பாகுபாடு ஏற்கெனவே தடை செய்யப்பட்டதுதான். ஆனா முடி இனத்துக்குள்ள வராதுன்னு நீதிமன்றங்கள் சொல்லிக்கிட்டே இருந்தன. அதனால இனம் என்றால் முடியின் தன்மையும் சடை அலங்காரமும் சேர்த்துத்தான்னு கிரௌன் சட்டம் எழுதினாங்க. நாட்டுலயே முதல் முறை. ஏற்கெனவே இருக்கற ஒரு சொல்லுக்கு விளக்கம் சேர்க்கறது, எஸ்.பி. 403 செஞ்சதும் அதே வேலைதான். கிரௌன் சட்டத்துல கையெழுத்துப் போட்டவரும் இதே நியூசம்தான். இனத்துக்கு விளக்கம் தேவைப்பட்டது, வம்சாவளிக்குத் தேவையில்லையா? இந்தக் கேள்விக்கு வீட்டோ கடிதத்துல பதில் கிடையாது.

இப்போ உங்க ஊருக்கு வர்றேன்.

நியூ ஜெர்சியில் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் 1945-லயே வந்தது. இந்த மாநிலத்துக்காரங்க பெருமையாச் சொல்வாங்க. ஆனா அந்தச் சட்டத்தோட விளக்கப் பகுதியில, ‘தொழிலாளி’ என்ற சொல்லில் அடுத்தவர் வீட்டில் வீட்டு வேலை செய்பவர் அடங்க மாட்டார்னு ஒரு வரி இருந்தது. எல்லாருக்கும் பாதுகாப்பு, சமையற்கட்டுல நிக்கற அம்மாவுக்கு மட்டும் இல்ல. 2024 ஜனவரி 12 அன்று ஆளுநர் ஃபில் மர்ஃபி வீட்டுத் தொழிலாளர் உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது மாறினது. அதே வருஷம் ஜூலையில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கிட்டத்தட்ட எழுபத்தொன்பது வருஷமா "ஏற்கெனவே இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டிருந்த சட்டத்துக்குள்ள ஒரு கூட்டமே இல்லாம இருந்திருக்கு. யாராவது "ஏற்கெனவே இருக்கு"ன்னு சொன்னா, முதல் வேலையா அந்தச் சட்டத்தோட விளக்கப் பகுதியை எடுத்துப் படிங்க. யாரை வெளிய நிறுத்தியிருக்காங்கன்னு அங்கதான் எழுதியிருக்கும்.

அதுக்கு முந்தின வருஷம் இதே டிரென்டன்ல இன்னொரு போராட்டம். கிடங்குகள்ல டெம்ப் ஏஜென்சி வழியா வேலை பாக்கறவங்க இந்த மாநிலத்துல சுமார் 1,27,000 பேர். வேனில் ஏத்திக்கிட்டுப் போய், அந்த வேனுக்கும் கூலியிலயே பிடிச்சாங்க. பக்கத்துல நிக்கற நிரந்தரத் தொழிலாளி அதே பெட்டியைத் தூக்கிக் கூடுதல் சம்பளம் வாங்கினார். இதை மாத்தற மசோதா 2022-ல் ரெண்டு அவையிலயும் நிறைவேறிடுச்சு. செப்டம்பர்ல ஆளுநர் நிபந்தனை வீட்டோ போட்டார். திருத்தின வடிவம் செனட்டில் ஓட்டுக்கு வராம மாசக்கணக்கில் தள்ளிப் போச்சு. ஒவ்வொரு தடவையும் தொழிலாளிகள் டிரென்டனுக்கு வந்தாங்க, திரும்பிப் போனாங்க, மறுபடி வந்தாங்க. 2023 பிப்ரவரி 6 அன்று சட்டமாச்சு. இன்னைக்கு அந்த வேன் கூலியைப் பிடிக்க முடியாது. வேலை விவரத்தைத் தொழிலாளிக்குப் புரியற மொழியில எழுத்துல தரணும்.

அங்கயும் பயம் இருந்தது. காகிதம் இல்லாதவங்களும் அந்தக் கூட்டத்துல உண்டு. அப்புறம் எப்படி வந்தாங்க? நியூ லேபர், மேக் தி ரோடு மாதிரி தொழிலாளர் அமைப்புகள் பல வருஷமா வாராவாரம் உக்காந்து பேசியிருந்தாங்க. மைக்கு முன்னால ஒருத்தர் நின்னா, பின்னால எத்தனை பேர் நிக்கறாங்கன்னு அவருக்குத் தெரியும். நம்ம விழுப்புரத்து அண்ணனுக்குப் பின்னால அப்படி ஒரு வரிசை இல்ல. அந்த வரிசையைக் கட்டற வேலைதான் நமக்கு இருக்கு. ஒரு மசோதா வந்த பிறகு மூணு மாசத்துல அதைக் கட்ட முடியாது.

டெக்சஸ் தோழர்கள் கேப்பீங்க, எங்க நிலைமையே வேறன்னு. ஆமா, வேறதான். உங்க சட்டமன்றம் ஒற்றைப்படை வருஷத்துல ஜனவரியில் கூடி 140 நாள் நடக்கும். ஆளுநர் சிறப்புக் கூட்டம் கூட்டினா உண்டு, இல்லேன்னா அடுத்த ஒன்றரை வருஷம் வெறும் காத்திருப்பு. அங்க பாதுகாப்பு கேக்கறது ஒரு பக்கம், இருந்த பாதுகாப்பு போகாம பாத்துக்கறது இன்னொரு பக்கம். ஆஸ்டின் 2010-ல், டாலஸ் 2015-ல், கட்டடத் தொழிலாளிக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை 10 நிமிஷம் ஓய்வு தரணும்னு நகரச் சட்டம் போட்டிருந்தாங்க. நிழல்ல நின்னு தண்ணி குடிக்க 10 நிமிஷம். 2023-ல் மாநிலம் எச்.பி. 2127 கொண்டுவந்தது. பல துறைகள்ல மாநிலச் சட்டத்துக்கு மேல நகரங்கள் விதி போடக்கூடாதுன்னு. கடும் வெயில் அடிச்ச அந்த ஜூன் மாசத்துலயே ஆளுநர் கையெழுத்துப் போட்டார். தொழிலாளர் பாதுகாப்புக்கு மத்திய அரசோட ஓஷா இருக்கேன்னு ஆதரவாளர்கள் சொன்னாங்க. மறுபடியும் ‘ஏற்கெனவே’. ஆனா வெயிலுக்கென்று தனி விதி அப்போ ஓஷாவில் கிடையாது.

அதே 2023 செப்டம்பர்ல டெக்சஸிலும் கிரௌன் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கொஞ்ச நாள்லயே ஹூஸ்டன் பக்கம் ஒரு கறுப்பின மாணவனை முடிக்காகவே வகுப்பை விட்டுத் தள்ளி வெச்சாங்க. வழக்கு போச்சு. சட்டத்துல சடை பத்தித்தான் இருக்கு, முடியோட நீளம் பத்தி இல்லைன்னு பள்ளி நிர்வாகம் வாதாடினது. 2024 பிப்ரவரியில் நீதிபதியும் பள்ளிக்கூடத்தோட விதி சட்டத்துக்கு விரோதம் இல்லைன்னு தீர்ப்பு சொன்னார். எழுதப்பட்ட சொல்லுக்கே இவ்வளவு ஓட்டை கண்டுபிடிக்கறாங்கன்னா, எழுதாத சொல் காப்பாத்தும்னு எப்படி நம்பறது?

இதெல்லாம் அமெரிக்காவோட புதுக் கதைன்னு நினைக்காதீங்க. 1924-ல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தென்னாப்பிரிக்காவில் பல வருஷம் வேலை பாத்துட்டுத் திரும்பினவர், நம்மள மாதிரி கடல் கடந்தவர். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடம் எதையும் ஒடுக்கப்பட்ட மக்கள் பயன்படுத்தத் தடையில்லைன்னு அரசு ஒப்புக்கணும் என்றது தீர்மானம். அது நிறைவேறி அரசாணையாவும் வந்தது. யோசிச்சுப் பாருங்க. சாலைக்குப் பேரே ‘பொதுச் சாலை’தான். அந்தச் சொல் ஏற்கெனவே இருந்தது. இருந்தும் அதுல நடக்க முடியாதவங்க இருந்தாங்க. அதனாலதான் ‘எல்லாரும்’னு சொன்னா போதாது, ‘இவங்களும்’னு எழுதணும்னு அவர் கேட்டார். எழுதின மறுநாளே எல்லாத் தெருவும் திறக்கல. ஆனா மறிக்கிறவன் முன்னால காட்டறதுக்கு ஒரு காகிதம் கையில இருந்தது.

சரி, நாம என்ன செய்யலாம்? நாலு விஷயம் சொல்லி முடிச்சுக்கறேன்.

ஒண்ணு. வீட்டோவையே பயன்படுத்தணும். சாதிப் பாகுபாடு ஏற்கெனவே சட்ட விரோதம்னு ஒரு ஆளுநர் கையெழுத்துப் போட்டுச் சொல்லியிருக்கார். நல்லது. அப்போ கலிபோர்னியா குடிமை உரிமைகள் துறையில் ‘வம்சாவளி’ என்ற வகையில் புகார் கொடுங்க. வேலையிடப் பாகுபாடுன்னா சம்பவம் நடந்து மூணு வருஷத்துக்குள்ள கொடுக்கலாம். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கறதும் சட்டப்படி குற்றச்சாட்டாகும். புகார் குவியட்டும், எண்ணிக்கை எங்கேன்னு கேட்டவங்களுக்குக் காட்டலாம்.

ரெண்டு. கமிட்டி மைக்குல சொல்றதுக்கு அமைப்போட பேரைக் கொடுங்க. குடியுரிமை இருக்கறவங்க, இங்கயே பிறந்தவங்க, வேலை போனாலும் விசா போகாதவங்க முதல்ல வரிசையில நில்லுங்க. ஆதரவுக் கடிதத்தை அமைப்பு பேர்லயே அனுப்பலாம். பாதிக்கப்பட்டவர் எப்போ பேசணும், பேசணுமா வேண்டாமான்னு அவரே முடிவு பண்ணட்டும்.

மூணு. நம்ம வீடு. பிள்ளை பாத்துக்க, சமைக்க ஆள் வைக்கற தமிழ்க் குடும்பங்கள் இந்த அறையைச் சுத்தி நிறைய இருக்கு. நியூ ஜெர்சி சட்டப்படி அவங்களுக்கு எழுத்துல ஒப்பந்தம், ஓய்வு நேரம் எல்லாம் உண்டு. அம்மா அப்பாகிட்ட பேசுங்க. தமிழ்லயே பேசுங்க. "அவங்க நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிதானே"ன்னு சொல்வாங்க. மாதிரின்னா நல்லதுதான், ஒப்பந்தமும் போட்டுடலாமேன்னு சொல்லுங்க.

நாலு. ஓட்டுப் பதிவைப் படிங்க. இந்த நாட்டுல மசோதா மேல ஒவ்வொருத்தரும் என்ன ஓட்டுப் போட்டாங்கன்னு பேரோட பதிவு இருக்கு. தீபாவளி விழாவுக்கு வந்து வேட்டி கட்டி போட்டோ எடுத்துக்கறவர், ஓட்டுப் போட வேண்டிய அன்னைக்கு எங்க இருந்தார்னு பாருங்க. எதிர்த்தவரைவிட, ஓட்டே போடாதவரைத்தான் முதல்ல போய்ப் பாக்கணும். அவரை மாத்த முடியும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு தாள் கொண்டு வாங்க. உங்க தொகுதி சட்டமன்ற உறுப்பினர்கள் பேர், நான் இன்னைக்குச் சொன்ன மசோதாக்கள்ல உங்க மாநிலத்துக்கானதுல அவங்க போட்ட ஓட்டு. அதை மேசையில பரப்பி வெச்சுக்கிட்டு அங்கிருந்து பேச்சை ஆரம்பிக்கலாம்.